வேற்றுறுப்பாற் செப்பனிட்ட வில்லை

பழைய புகைப்படக் கருவியொன்றின் வில்லை பழுதுற்றபோது, அதனையொத்த பிறிதொரு வில்லையிலிருந்து வேண்டிய உறுப்பைக் கழற்றியெடுத்து இதிற் பொருத்திச் செப்பனிடும் வழக்கம் உலகின் பல பாகங்களிலும் உண்டு. இரண்டு ஊனங்களைக் கூட்டி ஒரு நலத்தைப் பெறும் இம்முயற்சியைப் பற்றி அறிந்தோரிடையே ஒருமித்த கருத்தில்லை. பழம்பொருள் திரட்டுவோர் இதனை வெறுப்பர். ஒரு வில்லை தான் பிறந்த தொழிற்சாலையில் எவ்வெவ்வுறுப்புக்களோடு வெளிவந்ததோ அவ்வுறுப்புக்களோடு இருக்கும் வரையிற்றான் அப்பெயர் அதற்கு உரியது என்பது அவர் கொள்கை. மேனாட்டிலே இத்தகைய கலப்பு வில்லைக்குப் பிராங்கன்ஸ்டைன் என்று பரிகாசப் பெயரும் இட்டிருக்கின்றனர். (மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட நாவலில் அப்பெயர், பிணவுறுப்புக்களைச் சேர்த்து அமைத்த உருவத்துக்குரியதன்று, அதனை அமைத்தவனுக்குரியது. ஆகவே, பரிகாசஞ் செய்வோர் தம்மையறியாமலே செப்பனிடுபவனைத்தான் ஏசுகின்றனர்.) மற்றொரு சாரார், படம் தெளிவாக விழுமாயின் உறுப்பு எங்கிருந்து வந்தாலென்ன என்பர்.

இவ்விரு கூற்றுக்களுள் எதனையும் முழுவதாக ஏற்றல் இயலாது என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம். பட்டறையில் முடியவேண்டிய வழக்கைக் கல்லூரி மலருக்குக் கொண்டுவருவானேன் என்று வினவுவாருக்கு ஒரு விடையுண்டு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலத்திலே, 2008ஆம் ஆண்டிலும் 2009ஆம் ஆண்டின் முற்பகுதியிலும் வீடுவாசலை விட்டு மீண்டும் மீண்டும் பெயர்ந்து சென்ற மக்கள் கையிற் கொண்டுபோனவை மிகச் சில. அவற்றுட் குடும்பப் படங்களும் இருந்தன. மண்ணிற் புதைத்துச் சென்றவையும் உண்டு. மீண்டு வந்தபோது கிடைத்தவை நீரூறியவை, கறையான் அரித்தவை, சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிப்போனவை. ஒருவர் இருந்தார் என்பதற்கு அவர் வீட்டாரிடம் எஞ்சிய சான்று, சிலவேளை, பள்ளிக்கூட வகுப்புப் படத்தின் ஓரத்தில் நிற்கும் ஒரு முகம் மட்டுமே. அம்முகத்தைப் படியெடுக்கும் வில்லை எத்தகையது, எவ்வாறு செப்பனிடப்பட்டது என்னும் வினா இந்நிலத்திற் பொழுதுபோக்கு வினாவன்று.

வில்லை என்று நாம் ஒருமையாற் கூறுவது உண்மையிற் பன்மைப் பொருள். பூதக்கண்ணாடி போன்ற தனிக் குவிவு வில்லை நீலக் கதிரையும் செங்கதிரையும் ஒரே தளத்திற் குவிப்பதில்லை. நடுவில் வீழ்ந்த கதிரும் விளிம்பில் வீழ்ந்த கதிரும் அதனால் ஒரே புள்ளியைச் சேர்வதில்லை. இக்குற்றங்களை ஒடுக்குவதற்காகவே கிரவுண் கண்ணாடியாலான குவிவு வில்லையோடு பிளிண்ட் கண்ணாடியாலான குழிவு வில்லையைச் சேர்த்தனர். யோசெப் பெட்ஸ்வால் 1840இற் கணித்தமைத்த உருவப்பட வில்லையில் நான்கு உறுப்புக்கள் இருந்தன. இங்கிலாந்தின் யோர்க் நகரத்திலே டெனிஸ் ரெயிலர் என்பார் 1893இல் மூன்று தனியுறுப்புக்களாலேயே படம் முழுவதையும் தெளிவாக்க வழிகண்டார். யேனா நகரத்துச் சைஸ் நிறுவனத்தில் போல் ருடொல்ப் 1902இல் அமைத்த டெஸ்ஸார் மூன்று தொகுதியாய் நிற்கும் நான்கு உறுப்புக்களையுடையது. பின்னர் வந்தவற்றுள் ஐந்து, ஆறு, ஏழு உறுப்புடையன பல.

இவ்வமைப்பிலே கருதத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. உறுப்புக்களுள் எதுவும் தனித்து நோக்கின் நல்லதன்று. ஒவ்வொன்றும் தனக்கெனக் குற்றமுடையது. ஓர் உறுப்பு ஒரு பக்கமாகச் செய்யும் பிழையை அடுத்த உறுப்பு மறுபக்கமாகச் செய்யும் பிழை அழிக்கின்றது. கணித்தவனுடைய திறமெல்லாம் குற்றங்களை ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தியதிலேயே இருக்கின்றது. ஆதலின், பழுதுற்ற உறுப்பினிடத்தில் வேறோர் உறுப்பை வைக்குமிடத்து, புதிதாய் வருவது பழையதன் நன்மையைப் பெற்றிருந்தாற் போதாது. அதன் குற்றத்தையும் அதே அளவிற் பெற்றிருத்தல் வேண்டும். பழையதினும் சிறந்த உறுப்பை வைத்தாலும் படம் கெடும். படம் தெளிந்தாற் போதும் என்னும் இரண்டாஞ் சாரார் பெரும்பாலும் எண்ணிப் பாராத செய்தி இது.

இதற்கு வரலாற்றிலே பெரியதோர் உதாரணமுண்டு. இரண்டாம் உலகப்போர் 1945இல் முடிந்தபின் யேனா நகரத்திலிருந்து வில்லையுறுப்புக்களும் கண்ணாடிக் கட்டிகளும் பொறிகளும் சோவியத் நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. மொஸ்கோவுக்கு அண்மையிலுள்ள கிரஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையிலே, சைஸ் நிறுவனத்தின் சொன்னார் வில்லைகள் செர்மானியக் கண்ணாடியைக் கொண்டு முதலில் அமைக்கப்பட்டன. அக்கண்ணாடி தீரும் நிலை வந்ததும், அதே வளைவுகளைச் சோவியத் கண்ணாடியில் அரைத்து வைத்துக்கொள்ளலாம் என்று அங்குள்ளோர் கருதினாரல்லர். வில்லை முழுவதையும் தம் கண்ணாடிக்கு ஏற்ப மீண்டுங் கணித்தனர். யூப்பிற்றர் என்று பெயர் பெற்ற வில்லைகள் அவ்வாறு பிறந்தவை. வளைவின் ஆரை ஒன்றாயிருந்தும் கண்ணாடியின் முறிவுச்சுட்டி சிறிது வேறுபடின் பொருத்தம் குலைந்துவிடும் என்பதை ஓர் அரசாங்கமே பொருட்செலவு செய்து ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி என்று இதனைச் சொல்லலாம். ஆனால் தொடக்க காலத்துச் சோவியத் வில்லைகளை இன்று பெரும்பணங் கொடுத்து வாங்குவோர், கலப்பு வில்லை என்று எள்ளும் அதே திரட்டுநர் கூட்டத்தினரே. ஒரு நாட்டின் உறுப்பு மற்றொரு நாட்டின் குழலில் அமைந்தது என்பதே அங்கு பெருமையாகிவிட்டது.

பெயரை நம்புவாரும் ஏமாறுவர். யப்பானிய நாட்டுச் சுப்பர் டக்குமார் 50 மில்லிமீற்றர் வில்லை 1960களின் நடுப்பகுதியில் முதலில் எட்டு உறுப்புடையதாய் வெளிவந்தது. சில ஆண்டுகளுள் ஏழு உறுப்புடையதாக மாற்றப்பட்டது. முகப்பிற் பொறித்த பெயரோ மாறவில்லை. ஏழுறுப்பு வில்லையிலே தோரியங் கலந்த கண்ணாடி இருந்தமையால் அது காலப்போக்கிற் பழுப்பேறும். வெயிலிற் சில நாள் வைத்தால் நிறம் பெரிதும் தெளியும் என்பது இதனை ஆள்வோர் கண்ட வைத்தியம். இரண்டும் ஒன்றென்று கருதி ஒன்றன் உறுப்பை மற்றதில் இடுபவன் நாட்கணக்காக உழைத்துத் தெளிவற்ற படத்தையே காண்பான். பெயரும் தொடரும் முற்றும் ஒத்தவிடத்தும் சிறு வேறுபாடு உண்டு. லைக்கா நிறுவனத்தார் 50 மில்லிமீற்றர் என்று பெயரிட்ட வில்லைகளின் உண்மையான குவியத்தூரம் ஏறத்தாழ 51.6 மில்லிமீற்றர். ஒவ்வொன்றும் இதிலிருந்து இம்மியளவு விலகும் என்பதை அறிந்து, அவ்விலகலைக் குறிக்கும் சிற்றெண்ணை வில்லையின் கழுத்திற் பொறித்து வைத்தனர். உடன்பிறந்தார் முகமும் வேறுபடும் என்பதை ஒளியாது சொன்ன நேர்மை அது.

இதற்கு மாறாக, பிரித்துச் சேர்ப்பதற்கென்றே பிறந்த வில்லைகளும் இருந்தன. சைஸ் நிறுவனம் 1890களில் வெளியிட்ட புரொட்டார் வில்லைத்தொகுதியில் ஒவ்வொரு பாதியும் தன்னளவிற் குற்றந் தீர்ந்தது. எனவே அதனைத் தனியாகவும் ஆளலாம்; வேறு பாதியோடு கூட்டி வேறு குவியத்தூரத்தையும் பெறலாம். ஒரு பெட்டிக்குட் சில பாதிகளை வைத்துப் பல வில்லைகளின் பயனை அக்காலத்தார் கண்டனர். உறுப்புக் கலத்தல் என்ற அளவிலேயே ஒரு வில்லை தன் தன்மையை இழந்துவிடும் என்னும் முதற் சாராரின் கொள்கைக்கு இத்தொகுதி ஒன்றே போதிய மறுப்பாம். கலப்பு என்பது குற்றமன்று. கணிப்புக்கு மாறான கலப்பே குற்றம்.

தமிழ் கற்றோர்க்கு இவ்வழக்குப் புதியதன்று. சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இற் கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் 1887இற் சீவகசிந்தாமணியையும் 1894இற் புறநானூற்றையும் பதிப்பித்தபோது அவர்கள் முன்னிருந்தவை செல்லரித்த ஏடுகள். ஓர் ஏட்டில் இல்லாத அடியை மற்றோர் ஏட்டிலிருந்து எடுத்துச் சேர்த்தே நூலை மீட்டனர். அவ்வாறு செய்ததற்காக எவரும் அவர்களைக் கலப்படஞ் செய்தோர் என்று ஏசவில்லை, ஏசுதல் பொருந்தாது. ஏனெனில், இரண்டு ஏடுகளும் ஒரே நூலின் படிகள். எங்கும் கிடையாத இடத்தில் அவர்கள் என்ன செய்தனர் என்பதே ஈண்டு நோக்கத்தக்கது. புறநானூற்றில் 267ஆம், 268ஆம் பாடல்கள் கிடைத்தில. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைத்தில. சங்கச்செய்யுளின் நடை கைவந்த புலவர் ஒருவர் அவ்விடங்களை நிரப்பியிருக்கலாம். படிப்போர் எளிதில் வேறுபாடு காணாதவாறும் நிரப்பியிருக்கலாம். ஆயினும் அவ்விடங்கள் இன்றும் வெற்றிடமாகவே நிற்கின்றன. சிதைந்த அடிகளிற் புள்ளிகளே நிற்கின்றன. ஒரே நூலின் மற்றொரு படியிலிருந்து பெறுவது செப்பனிடல்; வேறு நூலிலிருந்தோ தன் மனத்திலிருந்தோ பெற்று வைப்பது புனைவு. வில்லைக்கும் படத்துக்கும் இவ்வேறுபாட்டைப் பொருத்திப் பார்ப்போம்.

அதற்குமுன் மற்றொரு கூட்டத்தாரின் கருத்தையும் ஆராய்தல் வேண்டும். பழைய வில்லையின் மங்கலிலும் சுழலிலும் ஓர் அழகுண்டென்றும், அவ்வழகு அந்த வில்லைக்கே உரியதென்றும், அதன் உறுப்பைத் தொட்டால் அழகு போய்விடும் என்றும் கூறுவாருளர். இவர்கள் பெரும்பாலும் எடுத்துக்காட்டுவது யூலியா மார்கிரெற் கமரோன் அம்மையாரின் படங்களை. கல்கத்தாவில் 1815இற் பிறந்த இவ்வம்மையார் 1863ஆம் ஆண்டு மார்கழியில், தம் நாற்பத்தெட்டாம் வயதில், மகளும் மருமகனும் அன்பளிப்பாகக் கொடுத்த கருவியோடு இக்கலையைத் தொடங்கினார்; 1875இல் இலங்கைக்கு வந்து குடியேறி 1879இல் இத்தீவிலேயே காலமானார். பொகவந்தலாவையில் அவர் கல்லறை இருக்கின்றது. நம் தீவோடு தொடர்புடைய புகைப்படக் கலைஞருள் உலகம் முதலில் நினைப்பது இவரையே என்றாலும், நம் பாடசாலைகளில் இவர் பெயரை அறிந்தார் சிலரே என்பது வருந்தத்தக்கது.

கமரோன் அம்மையார் முதலில் ஆண்ட வில்லை பாரிசு நகரத்து யமேன் செய்தது. பெட்ஸ்வால் வகையைச் சார்ந்த அதில் நடுப்பகுதி கூர்மையாயும் ஓரம் மங்கலாயும் விழும். அக்காலத்துப் புகைப்படச் சங்கத்தார் அவர் படங்களைக் குவியந் தவறியவை என்று இகழ்ந்தனர். பிற்காலத்தார் அம்மங்கலைப் புகழ்ந்து, அதற்கு அவ்வில்லையே காரணம் என்றனர். இரு திறத்தாரும் ஒன்றை மறந்தனர். அம்மையார் 1866ஆம் ஆண்டளவில் டால்மேயர் செய்த பெரிய வில்லையொன்றை வாங்கினார். அதன் கணிப்பு வேறு, குவியத்தூரம் வேறு. எனினும் அவர் படத்தின் மென்மை மாறவில்லை. மாறாமைக்குக் காரணம் அவர் தாமே எழுதிய குறிப்பில் இருக்கின்றது: கண்ணுக்கு அழகாகத் தோன்றிய இடத்தில் தாம் நிறுத்திவிட்டதாகவும், மற்றையோர் போல் மேலுந் திருகிக் கூர்மையாக்க முற்படவில்லை என்றும் அவர் கூறுகின்றார். எனவே மென்மை வில்லையிலிருந்து வந்ததன்று, அவர் தெரிவிலிருந்து வந்தது. அவ்வில்லையில் ஓர் உறுப்பு மாறியிருந்தாலும் அவர் வேறோரிடத்தில் நிறுத்தித் தம் படத்தையே எடுத்திருப்பார்.

ஆனால் இந்நியாயம் கலைஞனுக்குச் செல்லும், படியெடுப்பவனுக்குச் செல்லாது. படியெடுப்பவனுக்குத் தெரிவு என்பதே இருத்தலாகாது. தட்டையான தாள் தட்டையாகவே விழவேண்டும். நடுவில் நிற்கும் தலைமையாசிரியர் எவ்வளவு தெளிவோ அவ்வளவு தெளிவு ஓரத்தில் நிற்கும் மாணவனுக்கும் வேண்டும். இங்கேதான் வேற்றுறுப்பின் உண்மையான ஆபத்து வெளிப்படுகின்றது. பொருத்திய உறுப்பு தலைமயிரின் பருமனிலும் குறைந்த அளவு ஒருபக்கம் சாய்ந்திருந்தாலும் படத்தின் நடு கெடாது. ஒரு மூலை மட்டுமே கெடும். நடுவைப் பார்த்துத் திருப்தியடைபவன் அதனைக் காணமாட்டான். ரெயிலர் அமைத்த மூவுறுப்பு வில்லையும் அதன் வழிவந்தனவும் நடுக் குழிவு வில்லையின் நிலையில் மிகுந்த நுட்பம் வேண்டுவன என்பது நூல்களிற் கண்டதே. எமக்குப் பட்டறையில் நேர்ந்த அனுபவமும் அதுவேயாகும்.

வன்னியில் உறுப்பு மாற்றிச் செப்பனிடுதல் புதுமையன்று. 1990களில் இருந்த பொருளாதாரத் தடைக்காலத்திலே பெற்றோலும் மின்கலமும் கிடையாதபோது, உந்துருளியைச் சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினர். துவிச்சக்கரவண்டியின் டைனமோவைக் கையாற் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டனர். ஒன்றன் உறுப்பை மற்றொன்றுக்கு ஆக்கும் கைப்பழக்கம் இங்குள்ள திருத்துநரிடத்தில் அவ்வாறு ஊறியது. அப்பழக்கத்தின் பெருமையை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் வானொலியிற் குரல் கேட்டாற் போதும். வில்லை அத்தகையதன்று என்பதை மாத்திரம் சொல்லுதல் வேண்டும்.

எம்மிடம் வந்தது ஒரு மமியா இரட்டைவில்லைக் கமரா. மூடிய புகைப்பட நிலையமொன்றின் கூரைப்பரணிலே துணியிற் சுற்றிக் கிடந்தது. வடகீழ்ப் பருவமழை பல கண்ட அவ்விடத்தில் வில்லைக்குட் பூஞ்சணம் படர்ந்திருந்தது. காற்றின் ஈரப்பதன் 70 சதவீதத்தைத் தாண்டி நெடுநாள் நின்றால் பூஞ்சணம் வேரூன்றும்; தொடக்கத்திலே துடைத்தாற் போய்விடும், நாட்பட்டால் அதிற் பிறக்கும் அமிலம் கண்ணாடியின் பூச்சையும் பின்னர்க் கண்ணாடியையும் அரிக்கும். படமெடுக்கும் கீழ்வில்லையின் பின்தொகுதி அவ்வாறு அரிக்கப்பட்டிருந்தது. எந்தத் துடைப்புக்கும் அது தெளியவில்லை.

இவ்வகைக் கமராவில் மேல்வில்லை நாம் பார்ப்பதற்கும் கீழ்வில்லை படமெடுப்பதற்கும் உரியவை. புகழ்பெற்ற ரொலைபிளெக்ஸ் கமராவில் மேல்வில்லை எளிய மூவுறுப்பு வகையாயும் கீழ்வில்லை வேறு உயர்வகையாயும் இருக்கும். ஒன்றன் உறுப்பு மற்றதற்கு உதவாது. 1950களின் பிற்பகுதி தொடக்கம் 1990களின் முற்பகுதி வரை வெளிவந்த மமியா கமராக்களிலோ இரண்டு வில்லைகளும் ஒரே கணிப்பின்படி செய்யப்பட்டவை. இதனை நூலிற் படித்து நாம் தயங்கிக்கொண்டிருக்கையில், வவுனியாவிற் கடிகாரமும் கமராவும் திருத்தும் முதியவரொருவர் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், கீழ்க்கண்ணுக்குப் பழுதெண்டால் மேற்கண் சும்மாதானே கிடக்குது, அதைக் கழட்டிப் போடுவம்" என்றார். நூல் சொன்னதும் அவர் சொன்னதும் ஒன்றே. மேல்வில்லையின் பின்தொகுதி நன்னிலையில் இருந்தது. அதனைக் கழற்றிக் கீழே பூட்டினார். இஃது ஒரே நூலின் மற்றொரு படியிலிருந்து அடியெடுத்துச் சேர்த்ததை ஒக்கும்.

முதற் படம் ஏமாற்றந் தந்தது. பத்திரிகைத் தாளொன்றைச் சுவரில் ஒட்டி எடுத்துப் பார்த்தோம். நடுவிலே எழுத்துக்கள் எறும்புபோற் கூர்மையாய் நின்றன. ஒரு மூலையில் மட்டும் கரைந்து கிடந்தன. கண்ணாடி வேறுபாடோ, கைப்பிழையோ என்று ஐயுற்றோம். பெரியவர் ஓர் உபாயஞ் செய்தார். தொகுதியைத் திறந்து உறுப்பை அதன் இருக்கையிற் கால்வட்டம் திருப்பி வைத்து மீண்டும் எடுக்கச் சொன்னார். குற்றம் கண்ணாடியில் இருப்பின் மங்கலும் உடன் திரும்பி வேறு மூலைக்குச் செல்லும். இருக்கையில் இருப்பின் மங்கல் நின்ற மூலையிலேயே நிற்கும். மங்கல் அசையவில்லை. உருப்பெருக்கியால் நோக்கியபோது, இருக்கையின் விளிம்பிலே கருமைப் பூச்சுத் துகளொன்று ஒட்டிக்கிடக்கக் கண்டோம். அதனை நீக்கியபின் நான்கு மூலைகளும் ஒத்தன. காரணத்தைக் கருதி, பின் சோதித்து, பின் முடிவு சொல்லும் இம்முறையை இதனிலும் தெளிவாகக் கற்பிக்கும் ஆய்வுகூடப் பாடம் எதனையும் யாம் அறியோம்.

அரித்த உறுப்பு இப்போது மேல்வில்லைக்குப் போயிற்று. பார்க்கும் கண்ணில் மூடுபனி போன்ற மங்கல் இருக்கும்; அது படத்திற் சேராது. எனினும் இரு வில்லைகளின் குவியத்தூரம் இம்மி வேறுபட்டிருக்கலாம் ஆதலின், பிலிம் இருக்கும் தளத்தில் நெய்த்தாளை இழுத்து ஒட்டி, மூடியைத் திறந்து வைத்து, மேலே தெரியும் உருவமும் கீழே விழும் உருவமும் ஒரே நிலையிற் கூர்மை பெறும்வரை மேல்வில்லையைத் திருகிச் சரிசெய்தார். இதற்கு ஒரு பிற்பகல் முழுதுஞ் சென்றது.

இத்துணை முயற்சி எதற்கு, கைப்பேசியால் எடுத்துவிடலாமே என்பர் இளைஞர். பெரும்பாலான படங்களுக்கு அதுவும் மேசையில் வைத்து வருடும் பொறியும் போதியனவே, மறுக்கவில்லை. ஆனால் எம்மிடம் கொண்டுவரப்பட்ட வகுப்புப் படம் சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. கழற்றினாற் படலம் கண்ணாடியோடு உரிந்துவரும். ஓரிடத்தில் ஏற்கெனவே உரிந்திருந்தது. இரண்டாம் வரிசையின் கடைசியில் நின்ற சிறுவனே வேண்டப்பட்டவன். அவனுடைய கன்னத்தின் கீழ்ப்பாகமும் சட்டையின் கழுத்தும் வெள்ளையாய்ப் போயிருந்தன.

உறவினர் ஒருவர் கைப்பேசியிற் படமெடுத்து, பழம்படங்களைப் புதுக்கும் செயலியொன்றில் இட்டுக் கொண்டுவந்திருந்தார். அதில் வெள்ளை இல்லை. கன்னம் நிறைந்திருந்தது, கண்கள் ஒளிர்ந்தன, ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. இச்செயலிகள் எவ்வாறு இயங்குகின்றன என்பது இன்று மறைபொருளன்று. எண்ணிறந்த பிற முகங்களைக் கண்டு பழகிய கணிப்பு, இம்முகத்திற் காணாமற்போன பகுதியை அம்முகங்களின் வழக்கத்தைக்கொண்டு நிரப்புகின்றது. சாம்சங் நிறுவனத்தின் கைப்பேசி, வேண்டுமென்றே மங்கலாக்கிய சந்திரப் படத்தை எடுத்தபோதும் சந்திரனின் மேடுபள்ளங்களைத் தானே சேர்த்துக் காட்டியதென்று 2023இல் எழுந்த வாதத்தை அறிவியல் மாணவர் அறிந்திருப்பர். சந்திரன் ஒன்றேயாதலின் அங்கு இழப்பு அதிகமில்லை. முகம் அவ்வாறன்று.

நம் நாட்டுப் புகைப்பட நிலையங்களில் இதன் மூதாதையும் இருந்தது. ஒருவரின் தலையை வேறொருவரின் கோட்டின்மேல் ஒட்டிப் பெரிதாக்குவதும், தனித்தனியே இறந்த கணவனையும் மனைவியையும் ஒருங்கிருத்திப் படமாக்குவதும் பழைய வழக்கங்கள். வீட்டுச் சுவரில் மாலையிட்டு வைப்பதற்கு அவை பிழையல்ல. கோட்டு இரவல் என்பது வீட்டார் எல்லார்க்குந் தெரியும். தெரிந்தே செய்த புனைவு ஏமாற்றன்று. ஆனால் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய வீதியோரப் போராட்டங்களில், ஆண்டுக்கணக்காகத் தாய்மார் கையிலேந்தியிருந்த படங்கள் மாலைப் படங்களல்ல. அவை அடையாளங் காட்டுதற்கு உரியவை. பார்த்தவர் எவரேனும் இவனைக் கண்டேன் என்று சொல்லவேண்டிய படங்கள். அவற்றிலே பல்லாயிரம் அயலார் முகங்களிலிருந்து இரவல் பெற்ற கன்னமொன்று சேருமாயின், சான்று சான்றாகாது.

வில்லைத் திரட்டுநர் எந்த இடத்திற் கலப்பை அஞ்சவேண்டியதில்லையோ அங்கே அஞ்சுகின்றனர் என்றும், மற்றையோர் எங்கே அஞ்சவேண்டுமோ அங்கே அஞ்சவில்லை என்றும் நாம் கூறுவதற்குக் காரணம் இதுவே. காணுங் கருவியில் வேற்றுறுப்பு வரலாம். அது கணிப்புக்கு இயைந்ததா என்று நான்கு மூலையிலுஞ் சோதித்துக்கொள்ள வழியுண்டு. காணப்படும் பொருளில் வேற்றுறுப்பு வந்தாற் சோதிக்க வழியில்லை. ஒப்பிடுதற்குரிய முகம் வேறெங்கும் இல்லாமையால் அல்லவா இப்படத்தைத் தேடி வந்தோம்!

செப்பனிட்ட வில்லையால் அவ்வகுப்புப் படத்தை எடுத்தோம். மமியா கமராவின் துருத்தி நீளுமாதலின் அணுகி எடுக்க வேறு கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. பார்க்கும் வில்லைக்கும் எடுக்கும் வில்லைக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு அங்குல இடைவெளி. குவியத்தைச் சரிபார்த்தபின் கமராவை அவ்வளவுக்கு உயர்த்தி வைத்தோம். விளக்கு இரண்டை இருபுறமும் 45 பாகையிற் சாய்த்து, கமராவின் பளபளப்பு சட்டத்துக் கண்ணாடியிற் பிரதிபலியாதிருக்கக் கறுப்புத் துணியொன்றில் துளையிட்டு, துளைவழியே வில்லையை நீட்டினோம். எட்டுப் படங்கள் எடுத்து ஒன்றைத் தெரிந்து பெரிதாக்கினோம். சிறுவனின் வலக்கண், நெற்றியிற் சீவிய மயிர், சட்டைப்பையிற் செருகிய பேனாவின் கொளுக்கி என்பன தெரிந்தன. வெள்ளை வெள்ளையாகவே நின்றது.

தாயாரிடம் இரண்டையும் காட்டினோம். செயலி ஆக்கிய படத்தை நெடுநேரம் பார்த்திருந்து, "இது எங்கட பிள்ளை மாதிரித்தான் கிடக்குது மாஸ்டர், ஆனால் அவனில்லை" என்றார். பின்னர் மற்றதை எடுத்து, உரிந்த இடத்துக்கு மேலே விரலை வைத்து, கன்னத்தில் அவனுக்கு இருந்த தழும்பு அந்த வெள்ளைக்குள்ளேதான் போயிருக்கின்றது என்று காட்டினார். மூன்று பிரதிகள் கேட்டார். பெரியவர் கூலி வாங்கவில்லை. மேல்வில்லைக்கு ஏற்ற நல்ல பின்தொகுதி எங்கேனும் அகப்பட்டால் வாங்கிவைக்குமாறு மட்டும் சொல்லிச் சென்றார். அதனை இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றோம்.